தலையணை உறைக்குள் ஒரு உலகம்!

நாளைக்குக் காலையில உலகமே தலைகீழாகப் போகுதுன்னு வச்சுக்கங்க. கையில ஒரே ஒரு பைதான். என்ன எடுத்து வைப்பீங்க? 'செல்போன் சார்ஜர்'னு சொல்றவங்க இப்பவே அவுட்! கரன்ட் ஏது பாஸ்?

இந்தக் கேள்விக்கு பக்காவா பதில் வச்சிருக்கா லாரன் ஒலமினா. வயசு 15. அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1993-ல் எழுதிய 'பேரபிள் ஆஃப் த சோவர்' நாவலின் நாயகி. கதை தொடங்குவது 2024 ஜூலையில். எழுதியபோது எதிர்காலம், நமக்கு அது பழைய காலண்டர்!

கலிபோர்னியாவில் மழை இல்லை, தண்ணீர் விலை எகிறுது, தெருவெல்லாம் தீயும் துப்பாக்கியும். லாரனின் குடும்பம் ஒரு மதில் சுவருக்குள் பயந்து வாழுது. அப்பா கல்லூரிப் பேராசிரியர், சபைப் போதகரும்கூட. பெரியவங்க எல்லாரும் 'பழைய நல்ல காலம் திரும்பி வரும்'னு காத்திருக்காங்க. லாரன் மட்டும் நம்பலை. தலையணை உறைக்குள் ரகசியமா சேர்க்க ஆரம்பிக்கிறா... கைக்கோடாலி, தீப்பெட்டி, உப்பு, ஊசி நூல், ஓக் மரக்கொட்டை மாவு. முக்கியமா, விதைகள்! எங்கே போய் நின்னாலும் விதைக்கணுமே?

விஷயத்தைத் தோழிகிட்ட சொல்றா. தோழி தன் அம்மாகிட்ட போட்டுக் கொடுத்துடறா. அப்பாவிடம் செம டோஸ்! ஆனா திட்டி முடிச்சதும் அவர் சொல்ற விஷயம்தான் சூப்பர். ஊரைப் பயமுறுத்தாதே, கத்துக்கொடுன்னு வழி காட்டுறார். நிலநடுக்கத்துக்குத் தயாராகிறோம்னு சொன்னா யாரும் மிரள மாட்டாங்க. கத்துக்கிட்டது எல்லா ஆபத்துக்கும் உதவும். எப்படி ஐடியா?

2027-ல் மதில் விழுது. அதுக்கு முன்னாலயே அப்பா காணாமப் போயிட்டார். மிச்சக் குடும்பத்தையும் பறிகொடுத்துட்டு, ஆம்பளை வேஷத்துல வடக்கு நோக்கி நடக்குறா லாரன். இங்கேதான் ட்விஸ்ட். அடுத்தவங்க வலியைப் பார்த்தாலே அவளுக்கும் வலிக்கும். பிறவியிலேயே அப்படி ஒரு குறை. இப்படிப்பட்டவ வழிப்பறிக்காரங்க நடுவுல எப்படிப் பிழைப்பா? பை மட்டும் காப்பாத்தலை. ராத்திரி ஒருத்தர் தூங்க, ஒருத்தர் முழிச்சுக் காவல் காக்கணும். தனி ஆளா இருந்தா முடியுமா? மூணு பேரா கிளம்பின கூட்டம் பத்தைத் தாண்டிடுது. மீதியை நீங்களே படிச்சுக்கங்க!

பட்லர் யாருன்னு தெரியுமா? அம்மா வீட்டு வேலை செய்தவங்க. அப்பா ஷூ பாலிஷ் போட்டவர். பாத்திரம் கழுவுறது, உருளை சிப்ஸ் தரம் பார்க்குறதுன்னு கிடைச்ச வேலையெல்லாம் செஞ்சுக்கிட்டே, விடியறதுக்கு முன்னால எழுந்து எழுதினாங்க. 1995-ல் மெக்ஆர்தர் விருது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒருத்தருக்கு அது கிடைச்சது அதுதான் முதல் தடவை. 2006-ல் 58 வயசுல இறந்துட்டாங்க. 2020-ல்தான் இந்த நாவல் நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் பட்டியலில் ஏறியது!

சரி, உங்க பைக்கு வருவோம். டார்ச்சும் பிஸ்கெட்டும் யார் வேணும்னாலும் வாங்கலாம். நீச்சல் தெரியுமா? முதலுதவி தெரியுமா? பக்கத்து வீட்டுத் தாத்தா என்ன மாத்திரை சாப்பிடுறார்னு தெரியுமா? நீங்க தூங்கும்போது காவலுக்கு உட்கார யார் இருக்காங்க?

அந்த லிஸ்ட்டை முதல்ல போடுங்க. பை அப்புறம்!