ஐயமும் திரிபும்: 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் ஆள்மாறாட்டம்

ஒருவனை மற்றொருவனாகப் பிறழ உணர்தல் நாடகக் கலைஞர் தொன்றுதொட்டுக் கையாண்டுவரும் உத்தியாகும். உரோம நாட்டுப் பிளாட்டசு இரட்டையரை வைத்துப் புனைந்த நாடகமும், அதனைத் தழுவிச் சேக்சுபியர் இயற்றிய களிநாடகமும் யாவரும் அறிந்தன. தமிழ்த் திரையில் இவ்வுத்தி பெற்ற வளர்ச்சிக்கு 1965 ஆம் ஆண்டுப் பொங்கலன்று வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை' சிறந்த சான்று. எம்.ஜி.ஆர். இரு வேடம் பூண்ட இப்படத்தைத் தாபி சாணக்யா இயக்கினார். 1964இல் வந்த 'ராமுடு பீமுடு' என்னும் தெலுங்குப் படமே இதன் மூலம். அதே இயக்குநர் 1967இல் இந்தியிலும் இதனை 'ராம் அவுர் சியாம்' எனத் தந்தார். இத்தகு படங்களை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவார் உளர். ஒதுக்குமுன் நம் இலக்கணம் வகுத்த அளவுகோல் கொண்டு அளந்து பார்த்தல் தகும்.

ஐயம் வேறு, திரிபு வேறு. தொலைவில் தோன்றும் உருவைக் குற்றியோ மகனோ எனத் துணியாது நிற்பது ஐயம். குற்றியையே மகன் எனத் துணிந்துவிடுவது திரிபு. களவியலில் தலைமகளை முதற்கண் காணும் தலைமகனுக்கு நிகழ்வது ஐயமே. இமைத்தல் முதலிய குறிகளால் அவன் அவளை மானிட மகள் எனத் தெளிகிறான். நளனுருவில் தேவர் வந்திருந்தபோது தமயந்தியும் அவ்வாறே குறிகண்டு தெளிந்தாள். அங்கெல்லாம் காதலே ஐயத்தை அறுக்கும் அறிவாக அமைகின்றது.

திரைப்படத்தின் நிலை இதற்கு மாறானது. இங்கு எவருக்கும் ஐயம் எழுவதில்லை. யாவரும் திரிபுணர்ச்சியிலேயே உழல்கின்றனர். உண்மை அறிந்தோர் அவையோர் மட்டுமே. நகை பிறப்பதும் அவ்வறிவின் உயரத்திலிருந்துதான்.

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன் கூறும் மெய்ப்பாட்டியல். இராமுவின் அச்சம் நகை விளைப்பது மடன் பற்றி. பிறர் கொளுத்தக் கொண்டதனை விடாமை மடன் என்பர் உரையாளர். நம்பியார் ஏற்ற கசேந்திரன் சாட்டையால் கொளுத்தியது அச்சம் ஒன்றே. இராமுவும் அதனை விடாது கொண்டான். இறை பற்றித் தோன்றும் அச்சத்தைத் தொல்காப்பியம் தனியே எண்ணியிருத்தலும் ஈண்டு நினையத்தக்கது. செல்வத்துக்கு உரியவன் அடிமையாகவும், வந்து சேர்ந்தவன் இறையாகவும் இருக்கும் முரணே கதையின் வேர்.

இளங்கோ இராமுவாகப் புகுந்தபின் கசேந்திரன் ஓங்கிய சாட்டை அவன்மீதே திரும்புகிறது. வாலி எழுதிய பாடலோடு அமைந்த அக்காட்சியில் எள்ளியவன் எள்ளப்படுகிறான்; நகையோடு தறுகண் பற்றிய பெருமிதமும் கலக்கின்றது. சண்டையும் சிரிப்பும் இங்கு ஒட்டுவேலையாகத் தோன்றாமைக்குக் காரணம் இவ்விணைப்பே.

காதற் பகுதியே வினாவுக்குரியது. பெண் பார்க்க வந்த இராமுவின் அச்சமும் தடுமாற்றமும் கண்டு அவனை ஏற்க மறுக்கிறாள் சரோஜாதேவி ஏற்ற தலைவி. பின்னர் அதே முகத்தோடு வந்த இளங்கோவை விரும்புகிறாள். ஒருவன் பெயரால் மற்றொருவனைக் காதலித்தல் அகப்பொருளுக்கு ஒக்குமா? ஒக்கும் என்பதே எம் கருத்து. முகம் ஒன்றாயிருந்தும் ஒருவனை வெறுத்து மற்றவனை விழைந்தாள் ஆதலின், அவள் விழைந்தது முகமன்று, பண்பே. திரிபு பெயரளவில் நின்றது, காதலைத் தீண்டவில்லை. நாட்டுப்புறம் சென்ற இராமுவுக்கு வேறொரு தலைவியை அமைத்ததும் இக்கற்புநெறி வழுவாமற் காத்தற்கே. 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்திலும் மன்னனாக நடிப்பவன் அரசியிடம் எல்லை கடவாமை காண்க.

குறையும் உண்டு. நாள்தோறும் உடன் வாழ்ந்தோர் நடையும் குரலும் முற்றும் மாறியவனைக் கண்டும் வேறாள் என ஐயுறாமை நம்பத்தக்கதன்று. பண்டரிபாய் ஏற்ற தமக்கை, தம்பியின் முதுகில் விழுந்த அடிகளைக் கண்ணீரோடு பார்த்திருந்தவள். அவளுக்கேனும் ஓர் ஐயம் எழுந்திருக்கலாம். திரைக்கதை அவ்விடத்தை விரைந்து கடக்கின்றது. அவ்வையத்தை ஒரு காட்சியளவேனும் வளர்த்திருப்பின் நகைக்கு இடையே அழுகையும் இளிவரலும் தம் பங்கைப் பெற்றிருக்கும்.