தறிக்கூடத்தில் வீணாகும் நடை

கண்மாயில் நீர் நிறைந்திருப்பினும், வாய்க்காலில் கசிவு இருந்தால் கடைமடைப் பயிர் வாடும். இதனைத் திருவாதவூர் வட்டாரக் குடியானவர்கள் நன்கறிவர். தறிக்கூடத்திலும் அத்தகைய கசிவு ஒன்று உண்டு. அதுவே வீண் நடை.

குழித்தறியில் அமர்ந்த நெசவாளருக்குத் தார்க்கூடை 4 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். சென்று மீள 8 மீட்டர். நாளொன்றுக்கு 50 முறையெனில் 400 மீட்டர்; 25 நாட்களில் 10 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் கழிந்தால், நாள்தோறும் 25 நிமிடம் தறி ஓய்ந்திருக்கும். துணிக்கே கூலி, நடைக்குக் கூலி இல்லை.

பேராலைகளும் இவ்வுண்மையைப் போற்றுகின்றன. ஜப்பானியத் தச்சரின் மகனான சகிச்சி டொயோடா, இரு கைகளால் இயக்கிய கைத்தறியை ஒரு கையால் இயக்குமாறு திருத்தி, 1891-இல் காப்புரிமை பெற்றார். அவர் நிறுவிய நெசவாலையில் 1932-இல் சேர்ந்த தாயிச்சி ஓனோ, பின்னர் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் ஏழுவகை வீண்களை வகுத்தார். தொழிலாளியின் வீண் அசைவு அவற்றுள் ஒன்று.

அங்கத்தினர்கள் ஒருநாள் தாம் தறியைவிட்டு எழும் தடவைகளைச் சுவரில் கோடிட்டு எண்ணுக. பின்னர்த் தார்க்கூடையைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க. அறுந்த இழை பிணைக்கும் நூலைத் தறியிலேயே தொங்கவிடுக. சங்கமும் துணியை ஏற்கும் நாளிலேயே நூலை வழங்கினால் ஒரு நடை மிச்சமாகும்.

இடுப்பு நோவாது எழுந்து உலாவுதல் வீண் அன்று. அஃது உடலுக்கு இன்றியமையாதது. மிச்சமாகும் நேரத்தைக் காட்டிக் கூலியைக் குறைத்தலும் தகாது. அதன் பயன் நெசவாளர் இல்லத்தையே சேர்தல் வேண்டும்.