வயிறு கட்டினால் மட்டும் போதுமா?

“கல்யாண வீட்டுக்குப் போகவே கூச்சமா இருக்கு டாக்டர். ‘இது எத்தனாவது மாசம்?’னு கேக்கறாங்க. இடுப்புல எட்டு மாசக் குழந்தை இருக்கு. அதைப் பார்த்துட்டுத்தான் கேக்கறாங்க!”

இப்படிச் சொல்லும்போதே பல தாய்மார்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. குண்டாகிவிட்டோம் என்று நினைத்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திப் பார்க்கிறார்கள். கை, கால், கன்னமெல்லாம் இளைக்கிறது. வயிறு மட்டும் அப்படியே முன்னால் நிற்கிறது. அப்புறம் ஒரு பெல்ட் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். கழற்றினால் பழைய வயிறுதான்! “நம்ம உடம்பு வாகு அவ்வளவுதான்” என்று விட்டுவிடுகிறார்கள்.

இவர்களில் பலருக்குப் பிரச்னை கொழுப்பு இல்லை. வயிற்றின் முன்பக்கத் தசைகள் நடுவில் விலகி நிற்கின்றன. காரணம் தெரியாமல் பட்டினி கிடந்தால் பலன் இல்லை. கண்டபடி இறுக்கிக் கட்டினால் வேறு தொல்லைதான் வந்து சேரும். இந்தத் தசை விலகலுக்கு வயிற்றுக் கட்டு எவ்வளவு தூரம் உதவும், எங்கே உதவாது என்று தெரிந்துகொள்வோமா?

நடுவில் என்ன நடக்கிறது?

விலா எலும்பிலிருந்து அடிவயிற்று எலும்பு வரை, பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு நீளமான தசைகள் நேராக இறங்குகின்றன. இரண்டையும் நடுவில் சேர்த்துப் பிடித்திருப்பது வெண்ணிறமான ஒரு திசுப் பட்டை. கர்ப்பப்பை பெரிதாகப் பெரிதாக இந்தப் பட்டை அகலமாக விரிந்து கொடுக்கிறது. கர்ப்ப கால ஹார்மோன்களும் அதை இளகச் செய்கின்றன. இது நோயே கிடையாது. குழந்தைக்கு இடம் விட உடம்பு செய்யும் ஏற்பாடு. நிறைமாதத்தில் ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் இருக்கும்.

பிரசவமான பிறகு பட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்க வேண்டும். சிலருக்கு, நாடாக் கட்டிலின் நடு நாடா தொய்ந்துபோன மாதிரி, தொய்வு அப்படியே நின்றுவிடுகிறது. இரட்டைக் குழந்தை பெற்றவர்கள், அடுத்தடுத்துப் பிரசவமானவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? நார்வே நாட்டில் முதல் குழந்தை பெற்ற 300 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆறாவது வாரத்தில் நூற்றுக்கு 60 பேருக்கு விலகல் இருந்தது. ஆறாவது மாதத்தில் 45 பேர். ஒரு வருடம் முடிந்தபோது 33 பேர். அதாவது, பலருக்குத் தானாகவே சரியாகிறது. மூன்றில் ஒருவருக்கு வருடம் கழிந்தும் மிச்சம் இருக்கிறது. இன்னொரு நல்ல செய்தியும் அதே ஆய்வில் உண்டு. விலகல் இருந்தவர்களுக்கு மற்றவர்களைவிட இடுப்பு வலி அதிகம் என்று தெரியவில்லை. ஆகவே, விரல் வைத்துப் பார்த்து இடைவெளி தெரிந்தால் உடனே பயந்துவிடாதீர்கள்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம்

சாதாரணப் பிரசவம் என்றால் ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம். சிசேரியன் என்றால் டாக்டர் புண்ணைப் பார்த்து “சரி” என்று சொன்ன பிறகு பாருங்கள்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். ஒரு கையின் விரல்களைத் தொப்புளுக்குச் சற்று மேலே குறுக்காக வையுங்கள். இப்போது தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்குங்கள். விரல்களின் இரு பக்கமும் தசையின் ஓரம் கயிறு மாதிரி விறைப்பது தெரியும். நடுவில் எத்தனை விரல் இறங்குகிறது? தொப்புளிலும், அதற்குக் கீழேயும் இதே மாதிரி பாருங்கள்.

ஒரு விரல் இடைவெளி என்றால் கவலை வேண்டாம். இரண்டு விரலோ அதற்கு மேலோ இருந்தால் விலகல் இருக்கிறது என்று பொருள். அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஆழத்தையும் பாருங்கள். அடியில் விறைப்பாக ஏதோ தடுத்தால் நடுப்பட்டைக்குப் பலம் இருக்கிறது. மாவில் விரல் இறங்குவது போலக் கொழகொழவென்று இறங்கினால் பயிற்சி தேவை. படுக்கையிலிருந்து எழும்போது வயிற்றின் நடுவில் கூரை முகடு மாதிரி ஒரு மேடு எழும்பினால் அதுவும் ஓர் அடையாளம்.

கட்டு என்ன செய்யும்?

சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32. அதில் ‘கட்டு’ ஒன்று. ‘கொம்பு கட்டல்’ இன்னொன்று. எலும்பு முறிந்த இடத்தில் மரச் சிம்பு வைத்து அசையாமல் கட்டுவதுதான் கொம்பு கட்டல். அந்தச் சிம்பு எலும்பை ஒட்ட வைப்பதில்லை. முறிந்த இரண்டு முனைகளையும் அசையாமல் பிடித்துக் கொடுக்கிறது. ஒட்ட வைப்பது உடம்பு.

வயிற்றுக் கட்டும் அப்படித்தான். விலகிய இரண்டு தசைகளையும் நடுவை நோக்கி அணைத்துப் பிடிக்கிறது. தொய்ந்த பட்டை மேலும் இழுபடாமல் தாங்குகிறது. குழந்தையைத் தூக்கும்போதும், இருமும்போதும், நிமிர்ந்து உட்கார்ந்து பால் கொடுக்கும்போதும் முதுகுக்கு ஒரு பிடிமானம் தருகிறது. “என் வயிறு இங்கேதான் இருக்கு” என்று தசைக்கு ஞாபகப்படுத்துகிறது என்றும் சொல்லலாம்.

ஆனால் தசைக்குப் பலம் கொடுப்பது கட்டு இல்லை. தசை செய்யும் வேலைதான். கட்டு மட்டுமே இடைவெளியை மூடிவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இதுவரை இல்லை. நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு பயிற்சியே செய்யாமல் இருந்தால், தசையின் வேலையைத் துணி செய்யும், தசை சோம்பிவிடும். பெல்ட்டைக் கழற்றியதும் பழைய வயிறு திரும்பி வருவது இதனால்தான்.

பிரசவமானவளுக்கு வயிறு கட்டுவது நம் பாட்டிமார் மட்டும் கண்ட வழக்கம் இல்லை. மலாய்ப் பெண்கள் ‘பெங்குங்’ என்ற நீளத் துணியைச் சுற்றுகிறார்கள். ஜப்பானியப் பெண்கள் ‘சராஷி’ என்ற பருத்தித் துணியைக் கட்டுகிறார்கள். வழக்கம் நல்லதுதான். கட்டும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

எப்படிக் கட்டுவது?

நன்றாகத் துவைத்து வெயிலில் காய்ந்த, பழகிய பருத்தி வேஷ்டியே போதும். கடையில் வாங்குவதானால், ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த, அகலமான எலாஸ்டிக் பெல்ட் வாங்குங்கள். இடுப்பை ஒல்லியாகக் காட்டுவதற்காகக் கொக்கி கொக்கியாக வைத்து விற்கும் இறுக்க உடைகள் இதற்கு ஆகாது.

நின்றுகொண்டு கட்டாதீர்கள். நிற்கும்போது வயிறு முன்னால் தள்ளியிருக்கும். துணியை ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, அதன் நடுப்பகுதி இடுப்புக்கு அடியில் வரும்படி விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். மூச்சை வெளியே விட்டபடி, இரண்டு கைகளாலும் பக்கவாட்டிலிருந்து வயிற்றை நடுவை நோக்கி அணையுங்கள். துணியின் இரு முனைகளையும் முன்னால் கொண்டுவந்து ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே இழுத்துக் கட்டுங்கள். முடிச்சு பக்கவாட்டில் இருக்கட்டும். ஊக்கு குத்த வேண்டாம்; மடியில் குழந்தை இருக்கும்.

முதல் சுற்று இடுப்பெலும்பை ஒட்டி வரவேண்டும். அடுத்த சுற்றுகள் அதிலிருந்து மேலே ஏறவேண்டும். மேல் சுற்று லேசாக இருக்கட்டும். இதை மாற்றிச் செய்வதுதான் ஆபத்து. மேல் வயிற்றை இறுக்கினால் உள்ளே இருக்கும் அழுத்தம் முழுவதும் கீழே இறங்கும். பிரசவத்தில் ஏற்கெனவே களைத்துப் போயிருக்கும் இடுப்புக்குழித் தசைகள் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கும். தும்மினால் சிறுநீர் கசிவதும், “அடி இறங்குற மாதிரி இருக்கு” என்று தோன்றுவதும் அதிகமாகலாம்.

கட்டு சரியா என்று பார்க்க மூன்று சோதனைகள்: துணிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூச்சை நன்றாக இழுத்து விட முடிய வேண்டும். உட்கார்ந்தால் குத்தக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள்.

எவ்வளவு நேரம்? நடமாடி வேலை செய்யும் நேரத்தில் இரண்டு, மூன்று மணி நேரம் கட்டி, கொஞ்சம் அவிழ்த்து விட்டு, மறுபடி கட்டினால் போதும். தூங்கும்போது வேண்டாம். ஆறிலிருந்து எட்டு வாரம் வரை இப்படிக் கட்டி, பிறகு படிப்படியாகக் குறையுங்கள். வெயில் காலத்தில் வேர்க்குரு வராமல் இருக்க உள்ளே மெல்லிய பனியன் போட்டுக்கொள்ளுங்கள்.

தசைக்கு வேலை கொடுங்கள்

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். மூக்கால் மூச்சை இழுங்கள். சூடான காபியை ஊதுவது போல வாயால் மெல்ல விடுங்கள். விடும்போதே தொப்புளை முதுகெலும்பை நோக்கி உள்ளே இழுங்கள். கூடவே, சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை மேலே இழுங்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்துவிட்டுத் தளர்த்துங்கள். காலையில் 10 தடவை, மாலையில் 10 தடவை. ஒரு வேளை கட்டோடு செய்தால், இன்னொரு வேளை கட்டில்லாமல் செய்யுங்கள்.

இது சுலபமாகிவிட்டால், அதே போல வயிற்றை உள்ளே இழுத்தபடி ஒரு குதிகாலைத் தரையோடு நகர்த்திக் காலை நீட்டி, மறுபடி மடக்குங்கள். பிறகு அடுத்த கால்.

இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது, படுத்தபடி எழுந்து உட்காரும் பயிற்சி, நாவாசனம், தனுராசனம், சக்கராசனம் இவையெல்லாம் ஆரம்பத்தில் வேண்டாம். பின்னால் சேர்த்துக்கொள்ளும்போது ஒரே ஒரு விதி: நடுவில் முகடு எழும்பினால் அந்தப் பயிற்சிக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். பலன் பெரியது, செலவு ஒன்றுமில்லை!

* இருமல், தும்மல் வந்தால் இரு கைகளாலும் வயிற்றை அணைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தூக்கும்போது மூச்சை அடக்காமல், வெளியே விட்டபடி தூக்குங்கள்.

* மலச்சிக்கல் கூடாது. முக்கினால் நடுப்பட்டைதான் இழுபடும். “தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்” என்று சில வீடுகளில் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள். தண்ணீரால் வயிறு பெருக்காது. பால் கொடுப்பவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும். கீரை, காய், பழம் வேண்டும். தானாகப் பேதி மருந்து வாங்கிக் குடிக்க வேண்டாம்.

* எண்ணெய் தேய்ப்பது முதுகு அசதிக்கு இதம். பிரசவ லேகியம் செரிமானத்துக்குத் துணை. இரண்டுமே விலகிய தசையைச் சேர்த்து வைக்காது. “வயித்தை உள்ளே தள்றேன்” என்று யாரையும் அழுத்திப் பிசைய விடாதீர்கள். சிசேரியன் புண் மேல் எண்ணெய் படவே கூடாது.

யார் கட்டக் கூடாது?

சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் கட்ட வேண்டாம். அனுமதி கிடைத்தால் சிலருக்கு எழுந்து நடக்கும்போது வலி குறைவாக இருக்கும். ஆனால் புண்ணில் ஈரம், சிவப்பு, சீழ் இருந்தால் கட்டு உதவாது. கர்ப்பப்பை இறங்கியிருப்பவர்கள், கட்டினால் சிறுநீர்க் கசிவு அதிகமாகிறவர்களும் நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

தொப்புள் பக்கம் தனியாக ஓர் உருண்டை எழும்பினால் அது குடலிறக்கமாக இருக்கலாம். உருண்டை உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிரசவத்துக்குப் பின் காய்ச்சல், துர்நாற்றத்துடன் கூடிய கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சு வாங்குதல் இவற்றில் எது வந்தாலும் அதே அவசரம்தான்.

பயிற்சி செய்து ஒரு வருடம் ஆகியும் வயிறு பலமில்லாமல் தொய்ந்தே இருந்தால் பிசியோதெரபி நிபுணரிடம் காட்டுங்கள். அதிலும் சரியாகாத சிலருக்கு அறுவை சிகிச்சை உண்டு. அதை, இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவானவர்களுக்குத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். குழந்தைக்கு மூன்று வயதாகிவிட்டதே, நாலு வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தசைக்கு எப்போது வேலை கொடுத்தாலும் பலம் ஏறும்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர்க் குடத்தையும், துணி ஊறிய வாளியையும், கேஸ் சிலிண்டரையும் சில மாதங்கள் நீங்கள் தூக்குங்கள். காலையும் மாலையும் பத்து நிமிஷம் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிஷம் கிடைக்காததால்தான் நிறையப் பெண்கள் வெறும் பெல்ட்டோடு நின்றுவிடுகிறார்கள்.