சமையலறையில் டார்க் சாக்லேட்

டார்க் சாக்லேட்டின் உறையில் 70% என்று அச்சிட்டிருந்தால், அதன் எடையில் 70 பங்கு கொக்கோ விதையிலிருந்து வந்தது. மீதி பெரும்பாலும் சர்க்கரை. இந்த 70 பங்கில் நிறமும் கசப்பும் தரும் உலர்ந்த கொக்கோவும், கொக்கோ வெண்ணெய் என்னும் கொழுப்பும் சேர்ந்தே அடங்கும். 55% சாக்லேட் கேட்கும் கேக்கில் 70% சாக்லேட்டைப் போட்டால் 100 கிராமுக்குச் சுமார் 15 கிராம் சர்க்கரை குறையும். உலர்ந்த கொக்கோ ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கேக் வறண்டும் போகலாம்.

கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகும். வாயில் வைத்ததும் சாக்லேட் கரைவது அதனால்தான். ஆனால் அடுப்பின் நேரடிச் சூட்டில் எளிதில் அடிபிடித்துத் தீய்ந்துவிடும். எனவே பொடியாக நறுக்கி, லேசாகக் கொதிக்கும் நீருக்கு மேல், பாத்திரத்தின் அடி நீரில் படாதபடி வைத்து உருக்குவது வழக்கம். கரண்டியில் ஒட்டிய சொட்டு ஈரம்கூட ஆபத்து: சர்க்கரையும் கொக்கோத் துகள்களும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்ட, வழுவழுப்பான சாக்லேட் சட்டென்று கட்டிதட்டிவிடும். அப்போது சில கரண்டி சூடான பாலோ நீரோ ஊற்றிக் கலக்கினால் மீண்டும் இளகும். அதை அச்சில் வார்க்க முடியாது, சாஸாகப் பயன்படுத்தலாம்.

சூடான கிரீமைச் சம எடை சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, நடுவிலிருந்து கலக்கினால் கனாஷ் கிடைக்கும். கேக்கின் மேல் பூச இது ஏற்றது. சாக்லேட்டை இரட்டிப்பாக்கினால் உருண்டை பிடிக்கும் பதம் வரும்.

அச்சில் வார்க்கும் சாக்லேட்டுக்கு டெம்பரிங் தேவை. 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27–28 டிகிரிக்கு ஆறவிட்டு, மறுபடி 31–32 டிகிரிக்குச் சூடாக்கினால் கொழுப்பின் படிகங்கள் சீராக அமையும். சாக்லேட் பளபளக்கும், ‘டக்’கென்று உடையும். மாவில் கலந்து வேகவைக்கும் பிரவுனிக்கு இந்த வேலை வேண்டாம். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட்டுக்கும் டெம்பரிங் தேவையில்லை. ஆனால் அதன் சுவை ஒரு படி குறைவு.

இனிப்போடு இதன் பயன் முடிவதில்லை. மெக்சிகோவின் பியூப்லா நகரின் பெயர்தாங்கிய ‘மோலே போப்லானோ’ குழம்பில் காய்ந்த மிளகாய், எள், பாதாம், பட்டை, கிராம்பு ஆகியவற்றோடு சாக்லேட்டும் சேரும். வான்கோழி, கோழி இறைச்சிக்கு ஊற்றும் இக்குழம்பில் சாக்லேட்டின் அளவு சிறிதுதான். அது தனியாக நாக்கில் தெரியாமல், மிளகாயின் காரத்தைத் தணித்து, குழம்புக்கு நிறமும் கனமும் கூட்டுகிறது. மாட்டிறைச்சிக் குழம்புகளிலும் இறக்கும் நேரத்தில் ஓரிரு துண்டு சேர்ப்பவர்கள் உண்டு.

சூடும் ஈரமும் மணமும் படாத இடமே சாக்லேட்டுக்கு நல்லது. வெயில் காலத்தில் ஃபிரிட்ஜில் வைப்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்ததும் அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். மேலே படரும் வெண்மை பூஞ்சணமல்ல. கொழுப்போ சர்க்கரையோ மேலெழுந்து படிந்தது. அத்தகைய சாக்லேட்டையும் உருக்கிச் சமைக்கலாம்.