வெள்ளிக்கிழமைப் பட்டியலும் திங்கட்கிழமைக் கணினியும்

ஆன்டிவைரஸ் மென்பொருளுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கோப்புகளைத் திறந்து சோதிக்கும் நிரல். மற்றொன்று, எதைத் தேட வேண்டும் என்று அந்த நிரலுக்குச் சொல்லும் அடையாளப் பட்டியல். அலுவலகங்களில் ‘டெஃபினிஷன்’ என்று சொல்லப்படுவது இந்தப் பட்டியல்தான். ஒரு தீநிரலின் கைரேகை போன்ற எண்கோவை, அதற்குள் மட்டுமே காணப்படும் பைட் வரிசை, கணினியில் அது நடந்துகொள்ளும் விதம் ஆகியவை இதில் பதிவாகியிருக்கும். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் நாள்தோறும் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தீநிரல்களையும் வேண்டாத நிரல்களையும் பதிவுசெய்கிறது. ஆகவே பட்டியல் ஒரே நாளில் பலமுறை மாறுகிறது. நேற்றைய பட்டியலை வைத்திருக்கும் கணினிக்கு இன்று பிறந்த தீநிரல் முன்பின் தெரியாத ஆள்.

தனிக் கணினியில் இந்தக் குறை அதோடு நின்றுவிடும். ஒரே கேபிளில் கோத்த இருபது கணினிகளில் நிற்காது. இதைத் திருத்தணி வட்டாரம் 2017 மே மாதத்தில் மிக அருகிலிருந்து பார்த்தது. மே 12, வெள்ளிக்கிழமை, ‘வன்னாகிரை’ என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. 1960 வரை திருத்தணியும் சேர்ந்திருந்த ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் காவல் துறைக் கணினிகள் சிக்கின. திருத்தணிக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருப்பதி தேவஸ்தானத்தின் சில நிர்வாகக் கணினிகளும் தப்பவில்லை.

வன்னாகிரை பரவுவதற்கு எவரும் மின்னஞ்சலைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ள விண்டோஸ் வைத்திருக்கும் 445ஆம் எண் வாசல் வழியாக அதுவே பக்கத்துக் கணினிக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே, அதாவது 59 நாட்களுக்கு முன்பே, வெளியிட்டிருந்தது. தீநிரலின் அடையாளமோ மே 12 அன்றுதான் மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் பட்டியலில் ஏறியது. இரண்டையும் கலந்து பார்ப்பது பரவலான தவறு. திருத்தம் ஓட்டையை அடைக்கிறது. டெஃபினிஷன் உள்ளே வருபவனின் முகத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விடுவதற்கில்லை.

மே 13 இரண்டாம் சனிக்கிழமை. வெள்ளி மாலை அணைத்த கணினிகள் பல அலுவலகங்களில் திங்கள் காலையில்தான் மீண்டும் எழுந்தன, அதுவும் வெள்ளிக்கிழமைப் பட்டியலுடன். எழுந்ததும் முதலில் நடப்பது எது? புதிய பட்டியல் வந்து சேர்வதா, அதே கேபிளில் காத்திருக்கும் தீநிரல் வந்து தொடுவதா? நீண்ட விடுமுறைக்குப் பின் ஒவ்வொரு முறையும் இந்தப் பந்தயம் உண்டு. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து, காவடிகள் இறங்கி, திருத்தணி அலுவலகங்கள் திறக்கும் காலையிலும் அப்படித்தான். ஒரு கணினியை மட்டும் முதலில் இயக்கி அதில் பட்டியலைப் புதுப்பித்து, பிறகு மற்றவற்றை இயக்கி அதிலிருந்தே பட்டியலை எடுக்கவைத்தால் பந்தயத்தில் பாதி வென்றாயிற்று.

அந்த முதல் கணினியை நிரந்தர ஏற்பாடாக்குவதுதான் மையப் புதுப்பிப்பு. இருபது கணினிகளும் தனித்தனியே 100 எம்பி இறக்கினால் 2 ஜிபி செலவாகும். அலுவலக நேரத்தில் இணையம் முடங்கும். உள்ளூர் சர்வர் ஒன்று ஒருமுறை இறக்கி வைத்தால் மற்றவை அலுவலகக் கேபிள் வழியாகவே நிமிடங்களில் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான நாட்களில் முழுப் பட்டியலும் தேவைப்படாது. முந்தைய பதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு மட்டும் வரும். வந்த கோப்பில் தயாரிப்பாளரின் மின்கையொப்பம் சரியாக இருந்தால்தான் மென்பொருள் அதை ஏற்கும். கட்டண மென்பொருளின் மையத் திரையில் ஒவ்வொரு கணினியின் பெயருக்கு எதிரேயும் கடைசியாகப் புதுப்பித்த தேதி தெரியும். நாள்தோறும் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ஏனெனில் பின்தங்கும் கணினி சத்தம் போடுவதில்லை. உரிமக் காலம் முடிந்த பிறகும் சில மென்பொருள்களின் சின்னம் திரை மூலையில் அப்படியே இருக்கும். பட்டியல் மட்டும் பழையதாகிக்கொண்டே போகும். தாய்ப்பலகையின் சிறு பேட்டரி தீர்ந்த கணினி, மின்சாரம் போய் வந்ததும் பல ஆண்டு பழைய தேதியைக் காட்டும். தேதி தவறானால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றி, அப்டேட் நின்றுவிடும். சில பத்து ரூபாய் பேட்டரி ஓர் அலுவலகத்தின் காவலைக் குலைப்பது இப்படித்தான். ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்க ‘ஐகார்’ என்ற 68 பைட் சோதனைக் கோப்பு உண்டு. தீங்கற்ற இந்த வரியைக் கண்டதும் மென்பொருள் அலற வேண்டும். ஆனால் அலறிவிட்டது என்பதற்காகப் பட்டியல் புதியது என்று கொள்ளக் கூடாது. ஐகாரைப் பழைய பட்டியலும் அறியும்.

புதிய பட்டியலே தவறாக வருவதும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட 5958ஆம் பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே தீநிரல் என்று பிடித்தது. கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. நெட்வொர்க் தொடர்பும் அறுந்ததால் திருத்தத்தைக் கேபிள் வழியே அனுப்ப இயலாமல் ஒவ்வொன்றுக்கும் கையால் கொண்டுபோக நேர்ந்தது. 2024 ஜூலை 19 அன்று, இந்திய நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய தரவுக் கோப்பு, 10.57க்குத் திரும்பப் பெறப்படுவதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எனவே பெரிய அலுவலகங்கள் புதிய பட்டியலை முதலில் இரண்டு மூன்று கணினிகளுக்குக் கொடுத்து, சிறிது நேரம் கவனித்து, பிறகு மற்றவற்றுக்கு விடுகின்றன. இந்தக் காத்திருப்பு ஓரிரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எச்சரிக்கையே ஓட்டையாகிவிடும்.

இணையமே இல்லாத கணக்குக் கணினிக்குப் பட்டியலைப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். தயாரிப்பாளர்கள் அதற்கென முழுக் கோப்பைத் தருகிறார்கள். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்கப் போய்வந்த பென்டிரைவை இதற்குத் தொடவே கூடாது. இந்த வேலைக்கு மட்டும் ஒன்றைத் தனியே வைத்து, செருகும்போதெல்லாம் சோதித்துக்கொள்வதே முறை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றன. அந்தக் கணினிகளுக்கு டிஃபெண்டர் டெஃபினிஷன்கள் 2028 அக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அதுவரை மையத் திரையில் அவற்றின் தேதி புதிதாகவே தெரியும், அடைபடாத ஓட்டைகளோடு.