கணக்கில் வராத உழைப்பு

"உன் அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று வகுப்பில் கேட்டால், "வேலை இல்லை சார், வீட்டில் சும்மா இருக்கிறார்" என்று பதில் சொல்லும் பிள்ளைகள் உண்டு. தாய் வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர் என்றால் அதை மட்டும் சொல்வார்கள். பெரட்டுக்கு முன் எழுந்து சமைத்ததும், மாலையில் துணி துவைத்ததும், இரவில் பாட்டிக்கு மருந்து கொடுத்ததும் அந்தப் பதிலில் வருவதில்லை. சம்பளச் சீட்டில் ஏறாதது வேலையே அல்ல என்று பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த வேலையை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆன் ஓக்லி என்னும் ஆங்கிலேயச் சமூகவியல் அறிஞர் லண்டனில் 40 இல்லத்தரசிகளைப் பேட்டி கண்டு, 1974-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். அவர்கள் சராசரியாக வாரத்திற்கு 77 மணி நேரம் வீட்டு வேலை செய்தனர். இன்று நம் நாட்டில் சட்டம் அனுமதிக்கும் சாதாரண வேலை நேரமோ வாரத்திற்கு 45 மணிதான்.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் நாளொன்றுக்கு 4 மணி 25 நிமிடமும், ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிடுகிறார்கள். கசானா ஆய்வுக் கழகம் கோலாலம்பூரில் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களுக்கு 3.6 மணி, ஆண்களுக்கு 2.2 மணி என்று தெரிந்தது.

"இப்போதுதான் கேஸ் அடுப்பும் துணி துவைக்கும் இயந்திரமும் வந்துவிட்டனவே, இன்னும் என்ன பாரம்?" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க வரலாற்று அறிஞர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் இந்தக் கேள்வியைத்தான் 1983-இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். இயந்திரங்கள் முதலில் குறைத்தது ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலையைத்தான் என்று அவர் காட்டினார்.

நம் லயங்களையே நினைத்துப் பாருங்கள். பழைய பால்மரத்தை விறகாகப் பிளந்து கொடுத்தவர் அப்பா. பொதுக் குழாயிலிருந்து தண்ணீர் தூக்கி வந்தவர்கள் பிள்ளைகள். கேஸ் வந்தது, விறகு பிளக்கும் வேலை போயிற்று. வீட்டுக்குள் குழாய் வந்தது, தண்ணீர் தூக்கும் வேலை போயிற்று. ஆனால் சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அம்மாவிடமே நின்றுவிட்டன. துவைப்பது எளிதானதும், இரண்டு நாள் உடுத்திய சட்டையை ஒரே நாளில் கழற்றிப் போடுகிறோம்.

கைப்பேசியும் அப்படித்தான். பள்ளியின் புலனக் குழுவில் வரும் செய்தியைப் படிப்பவர் யார்? தடுப்பூசித் தேதியை நினைவு வைப்பவர் யார்? மைசெஜாதெரா செயலியில் கிளினிக்குக்கு நேரம் பதிபவர் யார்? பெரும்பாலான வீடுகளில் தாய்தான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துப் பாடம் அனுப்பிய தாய்மாரை ஆசிரியர்கள் நாங்கள் அறிவோம்.

இப்படி மனத்தில் சுமக்கும் வேலையை அமெரிக்காவில் 35 தம்பதிகளிடம் விசாரித்து எழுதியவர் அலிசன் டேமிங்கர். அவருடைய கட்டுரை 2019-இல் வெளிவந்தது. இந்த வேலையை அவர் நான்காகப் பிரிக்கிறார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, அது நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவரும் ஓரளவு பங்கு கொள்கிறார். முதலாவதும் கடைசியும் மிகுதியாக மனைவியின் தலையில் விழுகின்றன. கண்ணுக்குத் தெரியாததால் இவற்றை யாரும் வேலை என்று எண்ணுவதில்லை.

நேயர்களே, இந்தப் பாரம் தாயோடு நிற்பதில்லை. தாயால் முடியாதபோது அது மூத்த பெண்ணிடம் போகிறது. தம்பியைக் குளிப்பாட்டி, அரிசி களைந்து, பாத்திரம் கழுவி முடித்த பிறகு புத்தகத்தைத் திறக்கும் பெண், மறுநாள் வகுப்பில் தூங்கி விழுகிறாள். அதே வீட்டுப் பையன் பந்து விளையாடிவிட்டு வந்து பாடம் எழுதியிருக்கிறான். அவனுக்கு அறிவு கூட என்று நாம் நினைக்கிறோம். அவனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது இரண்டு மணி நேரம்தான்.

சட்டம் சிறிது சிறிதாக இந்த உழைப்பை மதிக்கத் தொடங்கியிருக்கிறது. 2022 டிசம்பர் 1 முதல் இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் நடப்பில் உள்ளது. ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தா கட்டினால், வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. பெர்கேசோ அலுவலகத்தில் விசாரியுங்கள். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தகுதியுள்ள தந்தைக்கும் 7 நாள் விடுமுறை உண்டு. அந்த ஏழு நாளும் குழந்தையைத் தூக்குவதற்குத் தரப்பட்டவை.

மற்றது நம் கையில் இருக்கிறது. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். ஒரு வாரத்திற்கு, வீட்டில் யார் எந்த வேலையை எத்தனை மணிக்குச் செய்தார் என்று எழுதுங்கள். பள்ளி செல்லும் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். பிறகு இரண்டு வேலையையாவது கை மாற்றுங்கள். பாத்திரம் கழுவுவது பையனுக்கு வரட்டும். பள்ளிக் குழுவில் அப்பாவின் எண்ணும் சேரட்டும். மாற்றிய வேலையை நினைவுபடுத்தும் பொறுப்பும் அதைச் செய்கிறவருக்கே உரியதாகட்டும். இல்லையென்றால் பாதிச் சுமை அம்மாவிடமே தங்கிவிடும்.

தோட்டத்தில் ஒரு நாள் பேர் விடுபட்டால் கிராணியிடம் போய்க் கேட்கிறோம். வீட்டில் எத்தனையோ ஆண்டுகளாக ஒருவர் பேர் விடுபட்டிருக்கிறது. அதையும் எழுதிச் சேர்ப்போம்.