ஆற்று நீரின் கணக்கும் அதன் குறிப்பேடும்

சங்கத்தின் ஐந்தொகை மகாசபையில் வாசிக்கப்படும்போது, இறுதியில் உள்ள லாப நஷ்டத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு எந்த அங்கத்தினரும் எழுந்து செல்வதில்லை. நூல் இருப்பு என்ன விலைக்கு மதிப்பிடப்பட்டது, வராக் கடன் எவ்வளவு என்றெல்லாம் வினவுகிறோம். அதே வினாக்களை, நமது நீரையும் நிலத்தையும் உடல் நலத்தையும் குறித்துக் கணினியில் போடப்படும் கணக்குகளிடமும் கேட்க வேண்டியது அவசியம்.

நொய்யல் தந்த பாடம்

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோயமுத்தூர், திருப்பூர் வழியாகப் பாய்ந்து காவிரியில் கலக்கும் நொய்யலின் கதை காங்கேயம் வட்டாரத்தார் அறிந்ததே. பாசனத்தின் பொருட்டுக் கட்டப்பட்டு 1990களின் தொடக்கத்தில் முடிவுற்ற ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளுக்குள் சாயக் கழிவு நீரின் தேக்கமாக மாறிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். கழிவு நீர் சிறிதும் ஆற்றில் விடப்படலாகாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அது நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவாயிற்று. துணிக்குச் சாயம் வேண்டும். பயிருக்கு நன்னீர் வேண்டும். நெசவாளரும் விவசாயியும் ஒருங்கே அங்கத்தினராயுள்ள நமக்கு இருபுறத்து நஷ்டமும் விளங்கும்.

மாதிரி என்பது யாது?

கணினி மாதிரி என்பது ஒருவகை வரவு செலவுக் கணக்கே. ஆற்றுக்குள் வந்த உப்பிலிருந்து வெளியே சென்ற உப்பைக் கழித்தால், மிஞ்சுவது தேக்கத்திலும் மண்ணிலும் தங்கியதாகும். ஒரு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்பது கழிவு நீரில் கரைந்த உப்புக்குச் சட்டம் விதித்த உச்ச அளவு. அந்த வரம்புக்குள் உள்ள நீரேயாயினும், ஒரு லட்சம் லிட்டர் பாய்ச்சினால் 210 கிலோ உப்பு தோட்டத்திற்கு வந்து சேரும். இதையே நாள்தோறும், கிணறுதோறும், மழையையும் வெயிலையும் சேர்த்துக் கணினி கணக்கிடுகிறது.

எனினும் கணினி தானாக ஒன்றும் அறியாது. நாம் கொடுக்கும் எண்களையும் அனுமானங்களையும் கொண்டே அது விடை கூறும். நிலத்தடி முழுவதும் ஒரே சீரான மணல் என்று அனுமானித்தால், உப்பு சீராகப் பரவும் என்று விடை வரும். நம் பகுதியோ கடினப் பாறை நிலம். நீர் பிளவுகள் வழியே செல்வது. ஆகவே ஒரு கிணறு கெட்டிருக்க, அடுத்த கிணறு நன்றாயிருத்தல் கூடும்.

உடல் நலக் கணக்கும் இத்தகையதே. உலக சுகாதார நிறுவனம் குடிநீர் வரம்புகளை வகுக்கையில், 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு 2 லிட்டர் நீர் அருந்துவதாகப் பொதுவாகக் கொள்கிறது. சித்திரை வெயிலில் களையெடுக்கும் 48 கிலோ எடையுள்ள பெண்மணி 4 லிட்டர் அருந்துவாராயின், அவர் உடலில் கிலோவுக்குச் சேரும் மாசு இரண்டரை மடங்காகும். அனுமானம் எழுதப்பட்டிருந்தால் இதைத் திருத்தலாம். எழுதப்படாவிடில் பிழை இருப்பதே தெரியாது.

குறிப்பேட்டில் இருக்க வேண்டியவை

மாதிரி எதற்காகச் செய்யப்பட்டது, எண்கள் எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில் எடுக்கப்பட்டவை, அனுமானங்கள் எவை, விடை எவ்வளவு பிசகக் கூடும், களத்தில் அளந்த அளவோடு ஒத்துப் பார்த்தார்களா, எங்கே அதைப் பயன்படுத்தலாகாது. இவ்வாறும் செய்தற்கரியதன்று. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 1984இல் வெளியிட்ட ‘மாட்ஃப்ளோ’ என்னும் நிலத்தடி நீர் மாதிரி, தன் சமன்பாடுகளையும் நிரலையும் விளக்கக் கையேட்டுடன் பகிரங்கமாக வைத்தது. அதனால் பிற நாட்டினரும் அதைச் சோதித்தனர், திருத்தினர், பயன்படுத்தினர். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் 2009இல் மாதிரிகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நூலை வெளியிட்டு, அதில் குறிப்பேட்டின் அவசியத்தை வலியுறுத்திற்று.

நமது கடமை

நஷ்ட ஈடு யாருக்கு, எந்தக் கிணற்று நீர் குடிக்கத் தக்கது, எந்தப் பட்டறை இயங்கலாம் என்பனவற்றை இத்தகைய கணக்குகள் தீர்மானிக்கக் கூடும். கணக்கு பிசகினால் ஒருபுறம் விவசாயி நிலத்தை இழப்பார். மறுபுறம் குற்றமற்ற தொழிலாளி வேலையை இழப்பார். ஆகவே அங்கத்தினர்கள் தத்தம் கிணற்று நீரை ஆண்டுதோறும் கோடையிலும் மழைக்குப் பின்னும் சோதித்து, தேதியோடு ஒரு நோட்டில் பதிந்து வருதல் நன்று. நாளை ஒருவர் கணினியின் விடையைக் காட்டும்போது, “இதன் குறிப்பேடு எங்கே?” என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்விடையை ஒத்துப் பார்க்க நமது நோட்டும் கையிலிருத்தல் வேண்டும்.